மாரியம்மன் வந்த சுவர்

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாதவன், இப்போது காகிதத்தில் பேசிப் பார்க்கிறேன். கண்ணை மூடினால், கிழிந்த சாக்கின் மேல் முழங்காலிட்டுத் தண்டுக்கீரை பறிக்கும் துப்புரவு அக்காவின் முதுகுதான் தெரிகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டியில் எடை போடுகிறவன் நான். எங்கள் குடோனுக்குப் பின்னாலிருந்த முட்டுச்சந்தில் வருஷக்கணக்காகக் குப்பைதான் கிடந்தது. தெருக் கூட்டும் வேலை முடிந்த பிறகு அக்கா தினமும் அதைக் கிளறுவார். பாட்டிலையும் பாலிதீனையும் பொறுக்கிவிட்டு, காய்கறிக் கழிவை மட்கவைத்துப் பாத்தி கட்டினார். தண்டுக்கீரை, கத்தரி, அவரை என்று வந்தது. கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர், எல்லோர் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை போகும். அதைக் கேள்விப்பட்டு ஓவியம் படிக்கும் பிள்ளைகள் வந்து, சுவர் முழுக்க மயிலும் மரமும் வரைந்தார்கள். ஆனால் ஆண்கள் ஒன்றுக்குப் போகச் சுவரோரம் ஒதுங்குவது மட்டும் நிற்கவில்லை. "மயிலுக்கு நெதமும் மழைதானுங்க" என்று அக்கா சிரிப்பார். கீரை கருகியது.

"சாமி படம் வரைஞ்சுட்டா ஒருத்தனும் நிக்கமாட்டான்" என்று நான்தான் சொன்னேன். ஊரெல்லாம் செய்கிற வழிதானே. "அட, அண்ணனுக்கு வாயி கூட இருக்குதுங்களா!" என்றார் அக்கா. பிள்ளைகள் மயிலுக்குப் பக்கத்தில் மாரியம்மனை வரைந்தார்கள். அன்றோடு தொல்லை விட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த வாரமே யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பிறகு மஞ்சள் துணி, தகரக் கூரை, கம்பிக் கதவு. ஆடி வெள்ளியன்று கடைக்காரர்கள் பூசைக்குக் கூடியிருந்தபோது அக்கா குடத்தோடு வந்தார். எங்கள் முதலாளி கை நீட்டித் தடுத்தார்.

"ஏம்மா, குப்ப அள்ளற கையோட சாமிகிட்ட வந்தா எப்படி? அங்கயே நில்லு."

"கீரைக்குத் தண்ணி ஊத்தோணுங்க மொதலாளி. நான் போட்டதுதானுங்களே."

"இனி இங்க கீரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கோயிலு."

அங்கே நின்றவர்களில் அந்தக் கீரையைத் தின்னாதவர் ஒருவரும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாலும் அக்காவை விட்டிருக்க மாட்டார்கள். ஏனென்று எல்லோருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. குப்பையாகக் கிடந்த வரைக்கும் அவர் உள்ளே போவதை ஒருவரும் தடுத்ததில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க."

ஏற்கெனவே போட்டிருந்த சட்டைப் பொத்தானை நான் மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு வந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அக்கா இல்லை. இப்போது எங்கள் தெருவை வேறொருவர் கூட்டுகிறார். அவர் பெயரையும் நான் கேட்டதில்லை.

பூசைக்கு மறுநாள் காலையில் பாத்திகளின் மேல் சிமெண்டுத் தளம் போட்டார்கள். கலவைக்குத் தண்ணீர் எங்கள் குடோன் குழாயிலிருந்து போனது. முதலாளி சொன்னார், நான்தான் திறந்துவிட்டேன்.