இரண்டு தலை, ஒரே உடம்பு

தலை வெட்டும் வேலை

பெரிய சாகேபின் தலையைப் பாதி வெட்டியிருந்தபோது செல்லத்துரை அண்ணாச்சி கடைக்குள் வந்துவிட்டார். பயப்படாதீர்கள். ஃப்ளெக்ஸ் பேனர் தொழிலில் தலை வெட்டுவது அன்றாட வேலை. கம்ப்யூட்டரில் போட்டோவைத் திறந்து தலையை மட்டும் எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். கஸ்டமர் முன்னால் பல்லைக் காட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் என் நிலைமை புரியும்.

ஆளுங்கட்சியில் அப்போது ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். உட்கார்ந்திருந்தவர் பெரிய சாகேப், உட்காரத் துடித்தவர் சின்ன சாகேப். மும்பை தாராவியில் பெரியவரின் ஆள் அண்ணாச்சி. செம்பூரில் சின்னவரின் ஆள் முருகன், அண்ணாச்சியின் சொந்த மச்சினன். எங்கள் கடையின் முன்பாதி தெருவை மடக்கிப் போட்ட தகர ஷெட். பிரிண்டிங் மெஷின் நிற்பதே அதில்தான். முனிசிபாலிட்டி வண்டி அதை இடிக்க வராமல் இருப்பது இவர்கள் தயவு. யார் ஜெயிப்பார் என்று தெரியாததால் முதலாளி சாகுல் பாய் இரண்டு பேருக்கும் ஒரே அளவு சிரித்தார். ஷெட் போனால் மெஷின் போகும், மெஷின் போனால் நான் போவேன்.

அன்று முருகனின் ஆர்டர். பழைய பேனரிலிருந்து பெரியவரைத் தூக்க வேண்டும். அண்ணாச்சி திரையையே பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் சொன்னார்:

"ஏலே, வெட்டுறதுதான் வெட்டுத, கழுத்துல பிசிறு இல்லாம வெட்டு. நாளைக்குத் திரும்ப ஒட்ட வேண்டியது வரும்."

தொப்பியும் வழுக்கையும்

கட்சிக்குள் சண்டையே இல்லை என்று காட்ட ஒரு ஒற்றுமை விழா வைத்தார்கள். பேனரில் இரண்டு தலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அண்ணாச்சியும் முருகனும் பக்கத்து தையல் கடையில் டேப் வாங்கிக்கொண்டு வந்து என் மானிட்டர் மேல் வைத்து அளந்தார்கள்.

பெரியவர் தொப்பி போடுவார். தாடையிலிருந்து தொப்பி உச்சி வரை அளந்தால் அவர் பெரிசு. தொப்பியை விட்டு அளந்தால் சின்னவர் பெரிசு, ஏனென்றால் அவருக்கு வழுக்கை, நெற்றி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மதியச் சாப்பாடு போயிற்று. நான் பசியில், "தலைக்குப் பதிலா ரெண்டு பேர் காலையும் போட்டுடலாமா?" என்று கேட்டேன். பாய் என் தலையில் ஒரு தட்டு தட்டினார். கடைசியில் முருகன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சொன்னது:

"அத்தான், தொப்பியச் சேத்து அளந்தா எங்காளுக்கும் முடி வைக்கணும். சொல்லிட்டேன்."

பச்சைக் கல் மோதிரம்

பேனர் என்றால் தலைவர் கைகூப்பி நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் கட்சிக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் போட்டோவில் மாலை மூக்கு வரைக்கும் இருக்கும், கை இருக்காது. அதனால் பாய்க்கு ஒரு வெள்ளை குர்தா மாட்டி, கும்பிட வைத்து நானே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். எந்தத் தலைவர் வந்தாலும் உடம்பு பாயுடையது. அவர் விரலில் இருந்த பச்சைக் கல் மோதிரத்தை அழிக்க மறந்துவிட்டேன்.

கிங்ஸ் சர்க்கிளில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெரியவர் பேனர், அந்தப் பக்கம் சின்னவர் பேனர். இரண்டு பேர் கையிலும் அதே மோதிரம். யாரோ கவனித்துவிட்டார்கள். ஒரே ஜோசியரிடம் போய் ஒரே கல்லை வாங்கியிருக்கிறார்கள், ரகசியமாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் செய்தி பரவியது. தங்களுக்குச் சொல்லாமல் சமாதானமா என்று அத்தானும் மச்சினனும் அலறிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். பாய் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டவர் எடுக்கவே இல்லை. இடது கையால் குடிக்க மனமில்லாமல் அரை கிளாஸ் கட்டிங் சாயா ஆறிப்போனது. அவர்கள் போனதும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாய் மோதிரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விடுலே. தலை யாருதா இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் கும்பிடுறது நாமதான."

மழை சொன்ன உண்மை

பிறகு காலையில் நாற்காலி பெரியவருக்குத்தான் என்று டிவி சொல்லும், மதியம் சின்னவருக்குத்தான் என்று சொல்லும். அண்ணாச்சியே ஆட்டம் கண்டார். ஒவ்வொரு தடவையும் புது பேனர் அடிக்க முடியாது என்று முகத்தை மட்டும் ஸ்டிக்கராக அடித்துப் பழைய முகத்தின் மேல் ஒட்டச் சொன்னார். முகத்தின் மேல் முகம், அதன் மேல் முகம்.

மழை வந்தது. ஸ்டிக்கர் பாதி உரிந்து, சின்னவரின் வழுக்கைக்குக் கீழே பெரியவரின் மீசை வெளியே வந்தது. கிழித்துவிடலாம் என்று நான் ஏணியில் ஏறினேன். கீழே குடையோடு நின்ற அண்ணாச்சி தடுத்தார்:

"தொடாதலே! அப்படியே இருக்கட்டும். இப்போதைக்கு இதுதான் நம்ம நிலைப்பாடு."

அழி

கடைசியில் சின்னவர் ஜெயித்தார். முருகன் பேடா டப்பாவோடு வந்தார். பின்னாலேயே அண்ணாச்சி, சட்டையில் சின்னவரின் பேட்ஜ். "பெரியவர் தலை ஒண்ணுகூட இந்தக் கடையில இருக்கக் கூடாது. இருந்தா ஷெட்டு இருக்காது" என்றார் முருகன். ஏரியாவில் எல்லா பேனர் கடைக்கும் இதே கட்டளை. பாய் என்னைப் பார்த்து, "அழிச்சிடுலே" என்றார். நான் எதையோ அமுக்கினேன், திரை காலியானது. முருகன் திருப்தியாகப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேலிடம் கூப்பிட்டுப் பேசிப் பெரியவரைக் கட்சியின் வழிகாட்டி ஆக்கிவிட்டது. சாயங்காலம் இருவரும் சேர்ந்து செம்பூர் வருகிறார்கள். முருகன் எல்லா கடைக்கும் ஓடினார். அவர் சொல்லுக்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காக அழித்திருந்தார்கள். கடைசியில் எங்களிடம் வந்து வேர்வையைத் துடைத்தபடி, "தம்பி, அந்தத் தலை எங்கயாச்சும்..." என்று இழுத்தார். பாய் நிமிர்ந்து ஷெட்டின் தகரத்தைப் பார்த்தார். நான் ஒரு ஃபோல்டரைத் திறந்தேன். தொப்பி, மீசை எல்லாம் பத்திரமாக இருக்க, பெரியவர் சிரித்தார். முருகன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாய், ஷெட்ட இன்னும் ரெண்டு அடி முன்னால இழுத்துக்கோங்க."

அழிக்கச் சொன்னார்கள், அழிக்கவில்லை. விசுவாசமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை, அந்த மீசையை மறுபடியும் முடி முடியாக வெட்ட எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.