வேன் சமர்த்தாக இருந்த நாள்

கராஜில் சாவி திருகும் ஓசை கேட்டது. அடுத்த நொடியே ஒரே உறுமலில் இன்ஜின் உயிர் பெற்றது. சமையலறையில் நின்ற ஓர்வல் லிண்ட்குவிஸ்டின் கையில் காப்பி தளும்பியது.

துரோகி! பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது முதல் திருகலில் கிளம்பியிருக்கிறதா அந்த மினிவேன்? விலைக்குக் கேட்டு கோர்டி ஹாகன் வந்திருக்கும் இன்று மட்டும் சமர்த்துப் பிள்ளையாகிவிட்டது!

மினசோட்டாவின் வடகோடியில் சாலைப் பனி வழித்தே முடி நரைத்தவர் ஓர்வல். பழசாக வாங்கிய அந்த வேனுக்கு அவர் பார்க்காத வைத்தியமில்லை. ஹீட்டர் வேண்டுமென்றால் டேஷ்போர்டில் ஒரு குத்து விடவேண்டும். இடப்பக்கம் திரும்பினால் ரேடியோ தானே பாடும். நான்கு பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள்.

"இன்னிக்கு வர்றவர் வாங்கலேன்னா, இனிமே விக்கச் சொல்லி வாயே திறக்கமாட்டேன்," என்று மனைவி வெர்னா சத்தியம் செய்திருந்தாள். ஒரு மனிதனின் நெஞ்சு துடிப்பதும் நிற்பதும் கோர்டியின் ஒரு சொல்லில் தொங்கியது!

கோர்டி ஊரைச் சுற்றிவிட்டு, கூரை நிறையப் பனியோடு வேனைக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தினார்.

"நல்லாத்தான் ஓடுது, ஓர்வல்," என்று சமையலறை வாசலுக்கு வந்து கை நீட்டினார்.

அந்த ஊரில் கை குலுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. கோர்டி நீட்டிய கையில் ஓர்வல் காப்பிக் கோப்பையை வைத்தார். மறுகையில் வெர்னா ஆப்பிள் கேக்கை வைத்தாள், செங்கல் அளவுக்கு ஒரு துண்டு.

கராஜ் சூட்டில் கூரைப்பனி உருகி உள்ளே ஒயரில் சொட்ட அரை மணி நேரம் ஆகும். அது ஓர்வலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அரை மணி நேரம்தானே? அங்கே விடைபெறுவதற்கே முக்கால் மணி ஆகும்!

"சரி, அப்ப நான் கிளம்பறேன்."

"ஆமாமா, நேரமாச்சு. உங்க அத்தை முழங்கால் எப்படியிருக்கு?"

முழங்கால் பத்து நிமிடம் ஓடியது.

"அப்ப வரட்டுமா?"

"பத்திரமா போங்க. ஏரியில தூண்டிலை மீன் கடிக்குதா?"

மீன் கால் மணி நேரம் கடித்தது.

"இவர் இவ்வளவு பேசி எங்க கல்யாணத்துலகூட நான் பார்க்கல," என்றபடி வெர்னா கோப்பையில் மறுபடி காப்பி ஊற்றினாள்.

சொட்... சொட்...

ஹாரன் அலறியது! விளக்குகள் கண்ணடித்தன. பக்கக் கதவு சர்ரென்று தானே திறந்து, மூடி, மறுபடி திறந்தது. ஓர்வலின் கண்ணில் நீர் திரண்டது. என் தங்கமே!

முகத்துக்கு நேரே குறை சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. கோர்டி கேக்கை மென்று விழுங்கினார்.

"அருமையான கேக். வண்டி விஷயம்... வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேனே."

"உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலியே?" என்றாள் வெர்னா.

"நாய் இருக்கே."

இந்த முறை அவர் விடைபெற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய பிக்கப் வண்டி பனியில் வழுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியது.

"ஒயர்ல தண்ணி சொட்டறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நீங்க அழறதைப் பாக்கறதுக்கு இந்த ஹாரனே தேவல," என்று சொல்லி, வெர்னா கதவைச் சாத்தினாள்.