ஆத்தப்பண்ணன் பங்குக்குப் பூக்கேட்டது

பயந்து விற்பதில் ஆத்தப்பண்ணனை மிஞ்ச நல்லூரில் ஆளில்லை. சினை மாட்டைக் கன்று போடுவதற்கு முந்தின வாரம் விற்றார். அவிநாசிபாளையத்துக் காட்டை, அந்தப் பக்கம் கம்பெனிகள் வருவதற்கு முந்தின வருஷம் விற்றார். மற்றபடி தங்கமான மனுஷன். என் தையல் யூனிட்டுக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த நிட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கும் அவர் சம்சாரம் தெய்வாத்தாள் அக்காவுக்கும் இருந்த ஒரே ஆசை. அதற்கென்று சேர்த்ததையெல்லாம், மகன் நித்தீஷ் பேச்சைக் கேட்டு, ஒரு எண்ணெய் சுத்திகரிப்புக் கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார்.

ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் மார்க்கெட் மடமடவென்று சரிந்தது. பேக்கரியில் டீ குடிக்கிற கூட்டமே போனைத் தடவித் தடவி விற்றது. நானும் விற்றேன், பெரிய புத்திசாலி! அண்ணனுக்கு டீயே இறங்கவில்லை.

"ஷேரை வித்துப்போடலாம் புள்ள. இருக்கறதாச்சும் மிஞ்சும்" என்றார் அக்காவிடம்.

"அவசரப்படாதீங்க மாமா. சாமிகிட்டப் பூக்கேட்டுப் பார்க்கலாமுங்க" என்றார் அக்கா.

பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதற்கும் எங்கள் பக்கம் பூக்கேட்பது உண்டு. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் விற்பது, வெள்ளை வந்தால் பொறுப்பது என்று பேச்சு. அக்கா பொட்டலம் கட்டினார், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை! பங்குக்குப் பூக்கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பேக்கரியே சிரித்தது.

அப்புறம்தான் வேடிக்கை. மேல்நாட்டுக்காரர்கள் போட்ட பொருளாதாரத் தடையில் ரஷ்யாவின் எண்ணெய்க்கு வாங்க ஆள் குறைந்தது. சந்தை கலைகிற நேரத்துத் தக்காளி மாதிரி, விலையைக் குறைத்து நம் நாட்டுக் கம்பெனிகளுக்குத் தள்ளினார்கள். மலிவாக வாங்கிச் சுத்திகரித்து நல்ல விலைக்கு விற்றதில் அண்ணனின் கம்பெனிக்கு லாபம் கொட்டியது. பங்கு ஏறு ஏறென்று ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லுவானேன்.

ஆனால் அந்தப் பங்கை விற்ற காசில் சொந்த மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கே கண் கலங்கிவிட்டது. பூசைக்குத் திருநீறு எடுக்கப் போன அண்ணன், சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பழைய பொட்டலத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் எடுக்காமல் விட்ட பொட்டலம். பிரித்தார். காய்ந்து பழுப்பேறியிருந்தாலும் அது வெள்ளை அரளிதான்.

"ஏம்புள்ள, ரண்டுமே வெள்ளையா?"

அக்கா அசரவில்லை. "மாடு விக்கறப்பவும் பொறுங்கன்னேன், காடு விக்கறப்பவும் பொறுங்கன்னேன். நான் சொல்லி என்னைக்கு மாமா கேட்டீங்க? சாமி சொன்னாலாச்சும் கேப்பீங்கன்னுதானுங்க."

"சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சிருந்தா மெஷின் வந்திருக்குமுங்களா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தக் காய்ந்த பூவையே மெஷின்மேல் வைத்தார். அக்காவின் கையைப் பிடித்துச் சுவிட்சுப் பக்கம் கொண்டுபோனார்.

"நீயே போடு புள்ள."