கோல் கீப்பர் காலில் குங்குமம்

பிள்ளைகளா, இது உங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துத் தரையில் உருண்டு விடுகிறீர்கள். கடைசி வரைக்கும் யாரும் சொன்னதே இல்லை. அதனால் அப்பா எழுதி வைக்கிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். பிழை இருந்தால் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள்.

நம் பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஒன்பது ஹாக்கி ஸ்டிக். பையன்கள் குழுவுக்கும் அதுதான், பெண்கள் குழுவுக்கும் அதுதான். பையன்கள் ஆடி முடித்ததும் வியர்வை காயாமல் ஓடி வந்து பெண்கள் கையில் கொடுப்பார்கள். கோல் கீப்பர் காலில் கட்டுகிற பேட் ஒரே ஒரு ஜோடி. பையன்களுக்குக் கீப்பர் நம் வீட்டுச் சின்னவன், பெண்களுக்குக் கீப்பர் நம் வீட்டுப் பெரியவள். அதனால் அந்த பேட் நம் வீட்டுச் சண்டையாகவே ஆகிவிட்டது.

"டேய், உன் கால் நாத்தம் என் முட்டி வரைக்கும் ஏறுதுடா."

"அது நாத்தம் இல்லக்கா. நான் விட்ட கோலோட வாசம்."

சின்னவன் சொன்னது பொய்யில்லை. இந்த வருஷம் பையன்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கினோம் என்று அவர்களே மறந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் எப்படியோ ரெண்டு ஆட்டம் ஜெயித்து, இன்னும் ஒரு ஆட்டம் சமமாக முடிந்தால் போதும், அரை இறுதி என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். நம் பள்ளி அரை இறுதியைப் பார்த்ததே கிடையாது. பெரியவளுக்கு ஆறாம் ஆண்டு. இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டால் இந்தக் குழுவும் இல்லை, இந்த பேட்டும் இல்லை.

பள்ளிக்கூட ஸ்டோர் மழைக்கு ஒழுகுகிறது என்று சாமான் எல்லாவற்றையும் நான்தான் வேனில் ஏற்றி வீட்டில் வைத்திருந்தேன். சரஸ்வதி பூஜை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், சனிக்கிழமை பூஜை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உங்கள் புத்தகங்களோடு ஒன்பது ஸ்டிக்கையும் அடுக்கினேன். அந்த ரெண்டு பேட்டையும் சாமி படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தினேன். கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நின்றன. சந்தனத்தைக் குழைத்து ஸ்டிக், பேட் எல்லாவற்றிலும் பட்டையாகப் பூசி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி அள்ளி வைத்தேன். உங்கம்மா, "ஏங்க, பொட்டு வெக்கிறீங்களா, பெயிண்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

தீபாராதனை காட்டிவிட்டு நானே சட்டமும் போட்டேன். "பூஜையில வெச்சத நாளைக்குக் காலையில மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது." புத்தகமும் அங்கே இருந்ததால் உங்கள் ரெண்டு பேருக்கும் அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு ஹாக்கி டீச்சர் போன் செய்தார். "அண்ணே, நாளைக்குத் திடல் கிடைக்காதாம். ஆட்டம் இன்னிக்கே, அஞ்சு மணிக்கு, பத்து பெரண்டாம் ஊர்த் திடல்ல. வரலன்னா தோத்த மாதிரிதான்."

நான் போனைப் பிடித்தபடி சாமி படத்தைப் பார்த்தேன். ஸ்டிக்கை எதிர்க் குழுவிடம் இரவல் கேட்கலாம். பேட் கேட்க முடியாது, அது அவர்கள் கீப்பர் காலில் இருக்கும். பேட் இல்லாமல் கீப்பரை நிற்க விடமாட்டார்கள்.

பெரியவளே, நீ காலுறையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து ஹாலில் உட்கார்ந்தாய். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

சின்னவன்தான் வாயைத் திறந்தான். "அப்பா, சரஸ்வதி அம்மாவே வீணையக் கீழ வெக்காமதான உக்காந்திருக்காங்க? இன்னிக்கும் வாசிக்கிறாங்கல்ல?"

உங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதே, "சட்டம் போட்டவரு எடுக்கட்டும். எனக்குத் தெரியாதுப்பா," என்றாள்.

நான் நாளைக் காலையை மூன்றேகால் மணிக்கே வரவழைத்தேன். கற்பூரம் ஏற்றி, "அம்மா, விடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கோ," என்று சொல்லி மறுபூஜையை முடித்தேன். வேன் நாலு சக்கரத்து எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கிளம்பியது. நம் ஊர் புலாவ் செபாங்கிலிருந்து பத்து பெரண்டாமுக்குத் தினமும் பேக்டரி ஆட்களை ஏற்றிப் போகிற வேன்தான். அன்றைக்கு ஆளுக்கு ஒரு கை சுண்டலோடு பொண்ணுங்க கத்திய கத்தலில் எனக்கு ஹாரன் அடிக்க வேண்டிய வேலையே இல்லை. ஸ்டிக்கைத் துடைக்க நேரமில்லை. போய் இறங்கும்போது அத்தனை பேர் உள்ளங்கையும் சிவப்பு.

முதல் நாள் மழையில் புல் முழுக்க ஈரம். பெரியவள் கோல் முன்னால் விழுந்து எழ எழ, நான் அள்ளி வைத்த குங்குமம் கரைந்து இறங்கியது. வெள்ளைக் காலுறை ரோஸ் ஆகி, பிறகு சிவப்பாகவே ஆனது. எங்களுக்கு யாருக்கும் அது தோன்றவே இல்லை. குங்குமம் குங்குமமாகத்தானே தெரியும்.

ரெண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிஷத்தில் எதிர்க் குழுவுக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது. அவர்கள் கோலுக்குக் கிட்டேயிருந்தே அடிப்பார்கள், கீப்பர்தான் தடுக்க வேண்டும். அப்போது நடுவரம்மா விசில் ஊதினார். மலாய்க்கார டீச்சர், நல்ல உயரம். நேராகப் பெரியவளிடம் வந்து காலைக் காட்டினார்.

"டாரா. கெலுவார் டுலு."

ரத்தம், வெளியே போ என்கிறார். ரத்தம் வந்தால் ஆட்டக்காரர் வெளியே போயாக வேண்டும், அது ஹாக்கி சட்டம். நம்மிடம் வேறு கீப்பர் இல்லை. நம் டீச்சர் தலையில் கை வைத்துவிட்டார். சின்னவன், "டீச்சர், நான் பாவாடை கட்டிக்கிட்டு நிக்கட்டா?" என்றான். பெரியவள் நடுவரம்மாவிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். குங்குமத்துக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல் தன் காலையே காட்டிக் காட்டி நின்றாள்.

நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். போட்டிருந்தது சிலிப்பர், வழுக்கி, பாதி தூரம் உட்கார்ந்தபடியே போனேன். நடுவரம்மா பயந்து ஒரு எட்டு பின்னால் போனார்.

"புக்கான் டாரா, சிகு. செம்பாயாங் புஞ்யா," என்றேன். ரத்தம் இல்லை டீச்சர், சாமி கும்பிட்டது. அவர் நம்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பெரியவள் காலிலிருந்து ஒரு விரல் குங்குமம் எடுத்தேன். என் நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"அப்பா, போங்கப்பா. எல்லாரும் பாக்கிறாங்க."

நடுவரம்மா என் நெற்றியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திடலில் இருந்த அத்தனை பொண்ணுங்களின் உள்ளங்கையையும் பார்த்தார். விசிலைப் பல்லில் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஓகே லா. பக்சிக், கெலுவார்," என்றார். பெரியவரே, வெளியே என்கிறார். போக வேண்டியது நான்தான்.

அவர்கள் அடித்த பந்து எனக்குத் தெரியவே இல்லை. பேட்டில் 'டப்' என்று பட்ட சத்தம்தான் கேட்டது. பந்து ரோஸ் நிறத்தில் உருண்டு வெளியே போனது. அடுத்த விசில் ஆட்டம் முடிந்த விசில். பொண்ணுங்க எல்லாரும் பெரியவள் மேல் விழுந்தார்கள். எழுந்தபோது யார் சட்டையும் வெள்ளையாக இல்லை. எதிர்க் குழு சீனப் பொண்ணுங்க ரெண்டு பேர் வந்து தங்களுக்கும் ஒரு பொட்டு வேண்டும் என்று நெற்றியை நீட்டினார்கள். சின்னவன்தான் வைத்துவிட்டான், அதற்கு அவன் நெளிந்த நெளிசல் இருக்கிறதே.

இதுவரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலை நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கழுவி வைத்த பேட்டை எடுத்து வந்து, சாமி படத்துக்கு ரெண்டு பக்கமும் பழையபடி நிறுத்தினேன். உண்மையான நாளைக் காலைக்கு உண்மையான மறுபூஜை செய்தேன். அரை இறுதி வரப்போகிறதே, இன்னொரு ரத்த விசில் வேண்டாம் என்று பேட்டில் சந்தனம் மட்டும் தொட்டு வைத்தேன். ஆனாலும் குங்குமச் சிமிழைத் திறந்தேன். ஒரு விரல் குங்குமம் எடுத்து, அந்த பேட்டின் அடிப்பகுதியில், பெரியவள் கால் இருக்கும் இடத்தில் ஒருமுறை தொட்டுவிட்டு, என் நெற்றியில் வைத்துக்கொண்டு சிமிழை மூடினேன்.