ரோடா சொன்ன எட்டுப் பெயர்கள்

எனக்குக் காய்ச்சல் கண்டு கிடந்த மழைக்காலத்தில், தினமும் விடியும்போது வாசலில் ஒரு கேன் தண்ணீர் இருந்தது. மகள்தான் கொண்டு வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். எழுந்து நடமாடத் தொடங்கியபின் கேட்டால், "நான் இல்லம்மா, வழுக்குதுன்னு நான் ஓடைப் பக்கமே போகல" என்கிறாள். பிறகொரு நாள் காலையில் ரோடாவின் காலில் முழங்கால் வரை ஓடைக்கரைச் செம்மண் அப்பியிருந்ததைப் பார்த்தேன்.  

ரோடா என் ஓரகத்தி. என் கணவரின் கடைசித் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் மரம் விழுந்து இறந்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. ஆனாலும் பிறந்த ஊருக்குப் போகாமல் எங்கள் மேட்டுக்குடியிலேயே இருந்துவிட்டாள். மேட்டுக்குடியில் மொத்தம் பத்து வீடு. ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது, மீதி எட்டும் எங்கள் தம்புக்களுடையவை. மாமனார், கணவனின் அண்ணன் தம்பிகள், பெரியப்பன் சித்தப்பன் மக்கள் எல்லோரையும் நாங்கள் 'தம்பு' என்றுதான் சொல்வோம். அவர்கள் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். எழுதவும் மாட்டோம். இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

மார்க்கம் ஆறு பெருகி வந்த வருடம் எங்கள் ஓடை கெட்டுப்போனது. வயிற்றுப்போக்கில் மூன்று குழந்தைகளைப் புதைத்தோம். மூன்றாவது, மூத்த தம்புவின் பேத்தி. போதகர் ஜெபித்தபோது ரோடா கண்ணை மூடவில்லை. ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் மலை ஊற்றிலிருந்து குழாய் போடும் திட்டம் ஒன்று எங்கள் சபை வழியாக வந்தது. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். எந்த வீடு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை ஊர்க்காரர்களே போட்டுத் தர வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து ஆலயத் தரையில் விரித்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓடை, கல்லறை, வாழைத்தோட்டம் என்று பென்சிலால் குறித்தோம்.

"ஏ ரோடா, மேல இருந்து பாத்தா என் வீட்டை விட உன் தம்பு பன்னிப்பட்டிதான் பெருசா இருக்கு" என்றாள் கீழ்த்தெருக்காரி ஒருத்தி.

"பன்னிக்கு உன்னை விடச் சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்றாள் ரோடா. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

ரோடா ஆறாவது வரை படித்தவள். அதனால் வீடுகளைப் பதியும் போனை அவளிடம் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் செயலி ஒன்று அதில் இருந்தது. வீட்டின் முன் நின்று ஒரு புள்ளி வைத்து, குடும்பத் தலைவர் பெயரையும் தலைக்கணக்கையும் போட வேண்டும். நானும் கூடவே நடந்தேன். என் கணவரும் அவளுக்குத் தம்பு என்பதால் என் வீட்டுக்கு என் பெயரையும், அவள் வீட்டுக்கு அவள் பெயரையும் எழுதினாள். மற்ற எட்டு வீட்டிலும் 'தம்பு' என்று போட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை. யார் வீடு என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே.

கீழ்த்தெரு வரை வந்த குழாய் அங்கேயே நின்றுவிட்டது. "மேட்டுக்குடில மூணு வீடுதான்னு லிஸ்ட்ல இருக்கு" என்று சொல்லி வேலையாட்கள் மண்வெட்டியைக் கழுவினார்கள்.

லே துறைமுக நகரத்திலுள்ள திட்ட அலுவலகத்துக்கு ரோடாவும் நானும் போனோம். ஆண்கள் எல்லோரும் உடைந்த பாலத்து வேலையில் இருந்தார்கள். அலுவலகத்தில் கிலா என்ற கடற்கரைப் பக்கத்துப் பெண் கணினியைத் திறந்து காட்டினாள்.

"ஒரே பேர் எட்டு தடவை வந்திருக்கு, சிஸ்டர். புள்ளியெல்லாம் வேற பக்கத்துப் பக்கத்துல. யாரோ தெரியாம எட்டு வாட்டி அமுக்கிட்டாங்கன்னு மத்த ஏழையும் அழிச்சிட்டோம்."

"எட்டும் எட்டு வீடும்மா" என்றாள் ரோடா.

"அப்ப பேரைச் சொல்லுங்க, சேத்துடறேன். நாலு மணிக்கு லிஸ்ட் மூடிடும். அப்புறம் அடுத்த திட்டம் எப்போன்னு எனக்கே தெரியாது."

மேட்டுக்குடியிலும் பாலத்துப் பக்கமும் சிக்னல் கிடையாது. அவர் அந்தப் பெயர்களைச் சொல்லலாமே என்று என் கணவர் போனுக்கு ஏழு முறை அடித்துப் பார்த்தோம். வேறு ஏதாவது பெயர் போடலாமா என்று கேட்டேன். "வாக்காளர் லிஸ்ட்டோட ஒத்துப் பாப்பாங்களே" என்றாள் கிலா. மணி மூன்றே முக்கால். ஆண்டவரே, யாரையாவது அனுப்பும் என்று ஜெபித்தேன். யாரும் வரவில்லை.  மூத்தவள் நான்தான். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ரோடா எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மாமனார் பெயரில் தொடங்கி எட்டுப் பெயரையும் சொன்னாள். ஐந்தாவது பெயரில் குரல் உடைந்தது. கிலா சரியாகக் கேட்கவில்லை என்றதும் அதை மறுபடியும் சொன்னாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஊரார் பார்த்துச் சரிசொல்ல வேண்டுமென்று புதுப் பட்டியலை அச்சடித்து ஆலயக் கதவில் ஒட்டினார்கள். அடியில் 'விவரம் சொன்னவர்: ரோடா' என்று இருந்தது.

மூத்த தம்பு அதைப் படித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அவளை நேரே பார்த்துப் பேசக்கூடாது என்பதால் என் கணவரிடம் பேசினார். "தண்ணி வேணும்தான். என் பேத்தியத்தான் புதைச்சேன், எனக்குத் தெரியாதா? அதுக்காக என் தம்பி பொண்டாட்டி என் பேரை ஊரறியச் சொல்லுவாளா? இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சபையில உக்காருவேன்?" சொல்லும்போதே அழுதார். அதன்பிறகு அவர் வீட்டில் யாரும் ரோடாவோடு பேசவில்லை. அவமானம் தீர எட்டு வீட்டுக்கும் பன்றி கொடுக்க வேண்டும். அவளிடம் ஒரு குட்டி கூட இல்லை. என்னிடம் இருந்த ஒன்றைத் தருகிறேன் என்றேன்.

"ஒண்ணை எட்டாப் பிரிப்பியாக்கா? பன்னி கொடுத்தாலும் அந்தப் பேருங்க என் வாயை விட்டுப் போகாது. சாப்பிட உக்காந்தாக்கூட வாயில வருது" என்றாள்.

குழாய் இன்னும் வரவில்லை. தோண்டுவதற்கு முன் ஒருமுறை வந்து வீடுகளை எண்ணுவார்கள் என்கிறார்கள். பத்து இருந்தால்தான் குழாய்.

ஆற்றுக்கு அப்பாலுள்ள பிறந்த ஊருக்கு அவள் புறப்பட்ட அன்று லாரி வரை நான் மட்டும்தான் போனேன். பின்பக்கம் ஏறி வாழைக்குலைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். லாரி கிளம்பும்போது என் கையை இழுத்துப் பிடித்தாள்.

"அக்கா, தினமும் என் வீட்டு அடுப்பைக் கொஞ்சம் மூட்டி விடு. கூரை மேல புகை வரணும். எண்ண வர்றவங்க காலி வீடுன்னு போட்டுட்டா ஒன்பதாயிடும்க்கா."