போறேன் என்று சொன்னதால் வந்தவர்

நான் சாகக் கிடந்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம். நான்தான் பிழைத்துவிட்டேனே.

ஐப்பசி மாதம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு பகல். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது என் ஓட்டு வீடு. அதற்குள்ளே, கட்டிலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடையில், தரையில் விழுந்து கிடந்தேன். குளிர் ஜுரம். பானை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைதான் எட்டவில்லை. கதவை உள்ளே தாழிட்டிருந்தேன். அன்றைக்கும் யாரும் வரமாட்டார்கள், மறுநாளும் வரமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் வரவேண்டாம் என்று காலையில் சொன்னவனே நான்தான்.

இங்கே வந்திருக்கும், என்னை முன்பு பார்த்திராத வெளியூர் பக்தர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்காட்லாந்தில் பிறந்தவன். இங்கே மழைக்கு ஏங்குகிறீர்கள். அங்கே வெயிலுக்கு ஏங்குவார்கள். ஒரு கல்லூரியில் சமஸ்கிருத ஆசிரியனாக இருந்தேன். பக்தி யோகத்தைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எழுதினேன். தலைக்கு வைத்துப் படுக்க வாகாக இருக்கிறது என்று என் மாணவர்கள் சொன்னார்கள். சிலர் வகுப்பிலேயே வைத்துப் படுத்தார்கள். பக்தி ஒன்பது வகை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஒன்றையாவது செய்து பார்த்தேனா என்றால், இல்லை. சமையல் புத்தகம் எழுதியவன் பட்டினி கிடந்த மாதிரி.

என் மனைவி காலமானபின் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பாடம் சொன்ன அந்தப் பக்தியை ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கப்பல் ஏறினேன். சென்னையில் ஒரு நண்பர், "உங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இல்லாத இடமாகப் போனால்தான் தமிழ் வரும்" என்றார். அப்படித்தான் இந்தக் கடலைக் காட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு யுத்தம் வந்தது. திரும்பக் கப்பல் இல்லை.

வந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம். காரணம், எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் என்னைச் "சாமி" என்றார்கள். "சாமி, எங்கீங்க போறீங்க?" "சாப்டீங்களா சாமி?" ஆகா, என் புத்தகத்தின் புகழ் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே, என்னை ஒரு மகான் என்று கண்டுகொண்டார்களே என்று முதுகை நிமிர்த்தி நடந்தேன். அந்த வாரமே, எருமைக் கன்றின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மூக்கொழுகும் குழந்தை ஒன்றை அதன் தாய், "வேண்டாஞ் சாமி, ஒதைக்கும்" என்று கூப்பிட்டாள். முதுகு பழையபடி வளைந்துவிட்டது.

அடுத்தது "வாரேன்." எனக்குப் பால் கொண்டுவருகிற நல்லாயி தினமும் செம்பைக் காலி செய்துவிட்டு, "வாரனுங்க சாமி" என்று சொல்லிப் போவார். வருகிறேன் என்கிறாரே என்று நான் அடுப்பை மூட்டி, இரண்டு தம்ளரில் காப்பி போட்டு வைத்துக் காத்திருப்பேன். அவர் வரமாட்டார். இரண்டு தம்ளரையும் நானே குடிப்பேன். ஊரெல்லாம் "வாரேன், வாரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போகிறதே, இது என்ன ஊர் என்று எனக்கு வருத்தம். நல்லாயியின் புருஷன் செங்கோடன்தான் விஷயத்தை உடைத்தார். "ஏனுங்க தொரை, வாரேன்னா போறேன்னு அர்த்தமுங்க. உங்க தமிழ்ல எங்க எருமைகூடத் தப்புக் கண்டுபுடிக்குது" என்றார்.

சிரித்தேன். ஆனால் அன்று மாலை அந்த இரண்டாவது தம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தபோது, சிரிப்பாக இல்லை.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரியது நாற்காலி. குன்றுமேல் இருக்கும் பெருமாள் கோயிலுக்குள் எனக்கு அனுமதி கிடையாது. அது ஊர் வழக்கம், நான் கேட்கவும் இல்லை. அடிவாரத்தில் இருக்கும் பஜனை மடத்துக்குப் போகலாம். புரட்டாசிச் சனிக்கிழமை போனேன். தூரத்தில் வரும்போதே மிருதங்கமும் ஜால்ராவும் ஒன்றாய்க் குதிப்பது கேட்கும். நான் வாசலில் தலையைக் காட்டியதும் நின்றுவிடும். "தொரை வந்துட்டாருங்க" என்று எங்கிருந்தோ ஒரு நாற்காலி ஓடிவரும். ஒரு ஓரமாகப் போடுவார்கள். மற்ற எல்லாரும் கீழே பாயில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நான் மட்டும் மேலே, கோர்ட்டில் ஜட்ஜ் மாதிரி. பாட்டு மறுபடி தொடங்கும். ஆனால் ஸ்ருதி கால் கட்டை இறங்கியிருக்கும். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடுவார்கள். ஒவ்வொரு புரட்டாசியும் இப்படியே. மரியாதையால் ஒரு மனிதனை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்பதை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஜுரம் வந்த அந்த வருஷம் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, நான் போகாமல் மடத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று கேட்டேன். நான் இல்லாததால் பாட்டு பிரமாதமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வந்தேன். சங்ககிரிக்குப் போய் ரயிலேறிச் சென்னையில் இருந்துவிடுவது, கப்பல் கிடைத்த அன்று ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் நாற்காலி கொண்டு ஓடிவரவும் மாட்டார்கள்.

ஐப்பசியில் பெட்டி கட்டினேன். உடம்பு அதற்கு முன்பே லேசாகக் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் நல்லாயி வந்தார்.

"இனிமேல் பால் வேண்டாம். நான் போறேன்" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "ஐயோ சாமி, அப்பிடிச் சொல்லாதீங்க. அந்த வார்த்தை ஆகாதுங்க. போய்ட்டு வாரேன்னு சொல்லோணும்."

எனக்குள்ளே இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "வரமாட்டேன். வராதவன் வாரேன் என்று சொன்னால் பொய்தானே? போறேன். அதுதான் சரியான வினைச்சொல்" என்றேன்.

நல்லாயி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்கு அவரும் "வாரேன்" சொல்லாமலே போனார். நான் கதவைத் தாழிட்டேன். சிறிது நேரத்தில் குளிர் வந்தது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். விழுந்தேன்.

இனிச் சிரிக்க வேண்டாம், கொஞ்ச நேரம்.

என் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க, கடவுளிடம் எதையாவது கேட்பது தரம் குறைந்த பக்தி என்று எழுதியிருக்கிறேன். உத்தம பக்தன் கேட்கமாட்டான். நானும் என் ஆயுளில் எதையும் கேட்டதில்லை. மனைவி படுக்கையில் கிடந்தபோதுகூடக் கேட்கவில்லை. தியானம் செய்தேன். தரையில் முகம் புதைந்து கிடந்த அந்தப் பகலில், கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. நான் இங்கே இறந்தால் யாருக்கும் உடனே தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தால் யார் அழுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர் முகமும் வரவில்லை. ஜுரத்தைவிட அதுதான் நடுக்கியது.

இந்தப் பக்கத்து மரியாதையைக் கற்றபின் நான் எருமையைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவேன். கடவுளையும் அப்படித்தான். அன்றைக்கு அந்த 'ங்க' வாயில் வரவில்லை. "சாமி, வா" என்றேன். "எனக்குப் பயமா இருக்குது. யாருமில்லை. வா." குழந்தை கூப்பிடுவது மாதிரி. அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"சாமி! ஏனுங்க சாமி!"

நான் "சாமி" என்றேன். வெளியிலிருந்தும் "சாமி" என்றது. ஜுர மயக்கத்தில், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. கதவு தடதடவென்று ஆடியது. பிறகு தலைக்குமேல் ஓடுகள் சரிந்தன. வெளிச்சம் கொட்டியது. அதற்குள்ளிருந்து இரண்டு கறுத்த கால்கள் இறங்கின.

அவதாரம் என்றால் இறங்கி வருவது என்று எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறேன். கோவணம் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு, "அடக் கருமமே, இந்த உத்திரத்துல கால் வெக்கறதுக்கு எடமில்லீங்களே" என்று திட்டிக்கொண்டு இறங்கும் என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. செங்கோடன் தாழைத் திறந்தார். நல்லாயி என் தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

கட்டை வண்டியில் தார் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கரி பஸ். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? கரி வாயுவில் ஓடிய பஸ் மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. என்னைத் தவிர எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், "இவருக்கு நீங்க என்ன வேணும்மா?" என்று நல்லாயியைக் கேட்டார்.

"எங்க ஊட்டுச் சாமிங்க" என்றார் நல்லாயி.

கம்பவுண்டர் டவுன்காரர். "வெள்ளைக்காரச் சாமியாரா!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊசி போட்டார். நான் திருத்தவில்லை. அந்தச் "சாமி" எந்தச் சாமி என்று எனக்குத் தெரியும். எருமைக் கன்றின் வாலைப் பிடித்து இழுத்தது இருக்கிறதே, அந்தச் சாமி.

தேறியபிறகு செங்கோடனிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படி வந்தீர்கள் என்று.

"நாங்க எங்கீங்க வந்தோம்? இவ புடிச்சுத் தள்ளினா. காலையில இருந்து கடலை புடுங்காம, 'அந்த மனுசன் போறேன்னு சொல்லிப்போட்டாரு, வரமாட்டேன்னும் சொல்லிப்போட்டாரு'ன்னு ஒரே பொலம்பல். போய்ப் பாத்துப்போட்டு வந்தாத்தான் சோறுன்னுட்டா."

அன்பர்களே, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் "வா" என்று கேட்டபோது அவர்கள் ஏற்கெனவே வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். நான் முறைப்படி "வாரேன்" என்று சொல்லியிருந்தால், நல்லாயி நிம்மதியாகக் கடலை பிடுங்கியிருப்பார். என் பக்தி காப்பாற்றவில்லை. என் படிப்பு காப்பாற்றவில்லை. என் மோசமான தமிழ் காப்பாற்றியது. அந்தப் பிழையை என் வாயில் வைத்தவனுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அடுத்த புரட்டாசியில் மடத்துக்குப் போனேன். வாசலில் பழக்கதோஷத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன்.

"என்னுங்க தேடறீங்க?" என்றார் செங்கோடன்.

"நாற்காலி..."

"அது ஒடஞ்சு போச்சுங்க. கீழ வாங்க சாமி."

மூலையில் நாற்காலி முழுசாக இருந்தது. சுண்டல் அண்டா அதன்மேல் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் பாயில் உட்கார்ந்தேன். யாருடைய முழங்கையோ என் விலாவில் இடித்தது. கையில் ஜால்ராவைத் திணித்தார்கள். தாளம் தப்பினேன். யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

தனிமை போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. மழை நாளில், கடலைக் காட்டில் ஆளில்லாதபோது, அது வந்து எதிரில் உட்காரும். ஆனால் இப்போது அதனிடம் நான் ஒன்பது வகை பக்தி பேசுவதில்லை. "சாமி, வா" என்று கடவுளைக் கூப்பிடுகிறேன். பத்தாவது வகை. புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

நீங்களும் கேளுங்கள். இலக்கணம் பார்க்காதீர்கள், மரியாதை பார்க்காதீர்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கதவைத் தாழிட்டிருந்தாலும் பரவாயில்லை, அவன் ஓட்டைப் பிரித்தாவது இறங்குவான். ஓடு மாற்றிப் போடுவதுதான் கொஞ்சம் சிரமம்.

என் கதை முடிந்தது. நான் வாரேன். காப்பி போட்டு வைத்துக் காத்திருக்க வேண்டாம். ஆனால் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள்.