நெய்வேலியிலிருந்து புதுச்சேரிக்கு: மடிக்கணினிக்கு இரண்டாம் திரை வாங்கப் போன சனிக்கிழமை

"பில்லை என் பெயரில் போடுங்கள்" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. நான்கே சொற்கள். கடையில் நின்ற ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சொல்லாமல் விட்டவை வேறு பலவும் உண்டு. அவற்றுக்கான கோபம் ஆறிவிட்டது. இதற்கு இன்னும் ஆறவில்லை.

2019 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சென்னையில் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பாடநூல் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுகிற வேலை. மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்திருந்தது. நிரந்தரமாக எடுத்துக்கொள்ள இரண்டு நிபந்தனைகள்: மேசையில் இரண்டு திரைகள் இருக்கும் புகைப்படம், இரண்டாவது திரைக்கு என் பெயரிலேயே பில். இரண்டும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

சாதாரண மானிட்டர் வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் குவார்ட்டர்ஸில் எனக்கென்று நிலையான மேசை கிடையாது. அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட் என்றால் பகலில் கூடம் என்னுடையது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவர் பகலில் கூடத்தில் தூங்குவார், நான் அடுக்களைக்கு இடம் மாறுவேன். அதனால் பைக்குள் வைத்து எடுத்துப்போகிற கையடக்கத் திரைதான் சரி. அதை விமானத்தில் பறப்பவர்களுக்கானது என்று விளம்பரம் செய்கிறார்கள். என் திரை போக வேண்டிய தூரம் பன்னிரண்டு அடி. இணையத்தில் வாங்கினால் திங்களுக்குள் வராது. அதைவிட, என் மடிக்கணினியில் செருகிப் பார்க்காமல் வாங்க எனக்குத் துணிவில்லை.

டவுன்ஷிப் பேருந்து நிலையத்தில் காலை 7.20க்குக் கடலூர் பேருந்து. தனியாகப் போகாதே என்று அம்மா சொன்னதால் வடக்குத்து நிறுத்தத்தில் மாமா ஏறிக்கொண்டார். அம்மாவின் தம்பி. இருபது வருடமாக நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் ராட்சத மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர், நல்ல மனிதர். நான் பணத்தை நீட்டிக்கொண்டிருக்க, நடத்துநர் அவரிடம்தான் எங்கே போகிறோம் என்று கேட்டார். வடலூர், குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூருக்கு ஒரு மணி 25 நிமிடம், ஆளுக்கு 36 ரூபாய். அங்கே மாறி, புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர், 45 நிமிடம், 20 ரூபாய். குள்ளஞ்சாவடி முனையில் பத்து நிமிடம் நிற்கும், காலைச் சாப்பாட்டை அங்கே நம்ப வேண்டாம்.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் சின்ன டிவி வாங்கப் போகிறோம் என்று மாமா சொல்லிவைத்தார். "சின்ன டிவின்னா அறுவது, பெரிய டிவின்னா நூறு" என்றார் அவர். மாமா சிரித்துவிட்டு ஐம்பதுக்கு முடித்தார்.

கடையில் இரண்டு வகை இருந்தன. இரண்டும் பதினைந்தரை அங்குலம், முக்கால் கிலோ சொச்சம். ஒன்றில் யுஎஸ்பி டைப்-சி போர்ட் மட்டும், 15,200 ரூபாய். மற்றதில் அதோடு மினி எச்டிஎம்ஐயும் உண்டு, 16,500. நான் கேள்வி கேட்பேன், கடைக்காரர் மாமாவைப் பார்த்துப் பதில் சொல்வார். "பாப்பா படம் பாக்கவா சார்?" என்றார். மாமா, "படிப்புக்குங்க" என்றார். நான் படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எல்லா சி போர்ட்டும் படத்தைக் கடத்திவிடாது, சில தரவுக்கு மட்டும்தான், என்னுடையது எந்த வகை என்று செருகிப் பார்த்துவிடலாம் என்றேன். சி என்றால் சிதான், இதுதான் லேட்டஸ்ட், பெட்டியைப் பிரித்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் மாமாவிடம் சொன்னார். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பதில் மாமாவுக்கே போனது. கடைசியில் மாமாவே வாய் திறந்தார்.

"அப்புடி இல்லீங்க. மைன்ஸ்ல ஷிஃப்ட் மாறயில, வர்ற ஆளு மெஷினை ஓட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். பாக்காம வாங்கிக்கினு போனா நாளைக்கு எவன் பதில் சொல்றது?"

"சார் சொன்னா சரிதான்" என்று கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார். அரை மணி நேரமாக நான் சொன்னதும் இதுதான்.

செருகினேன். சிக்னல் இல்லை என்று திரை காட்டியது. லேப்டாப்பில் கோளாறு சார் என்றார் கடைக்காரர். நான் அடுத்த பெட்டியை இழுத்தேன். மினி எச்டிஎம்ஐ கேபிளை மடிக்கணினியிலும், மின்சாரத்துக்கு யுஎஸ்பியை இன்னொரு துளையிலும் செருகினேன். திரை பளிச்சென்று எழுந்தது. எழுத்து தெளிவாக இருக்கிறதா, ஓரங்களில் மங்கலா என்று ஒரு பாடப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இதுதான் என்றேன்.

என் அட்டை, என் ரகசிய எண். பில் போடும்போது கடைக்காரர் "சார் பேரு? போன் நம்பர்?" என்றார். மாமா சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்டுக்கொண்டுதான் நின்றேன். எனக்காக வாதாடிய மனிதரை அதே ஆள் முன்னால் இடைமறிக்க மனம் வரவில்லை. அச்சடித்த தாளைக் கடைக்காரர் அவர் கையில் கொடுத்தார். இந்த வலைப்பூவில் நான் பெயர் போட்டு எழுதுவதில்லை, அது என் முடிவு. அந்தத் தாளில் என் பெயர் இல்லாமல் போனதற்கும் நானும்தான் காரணம் என்பதால் கோபம் இரட்டிப்பாகிறது.

திரும்பும்போது மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "பாதி காத்துதான் இருக்கு பாப்பா, இதுக்கா இம்மாம் வெல?" என்றார். பக்கத்து இருக்கைக்காரரிடம், ஓட்டிப் பார்த்து வாங்கியதாகவும் சொன்னார். மாலை 4.10க்கு வீடு.

வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் மடிக்கணினியின் சி போர்ட் படம் கடத்துமா என்று கையேட்டில் முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எச்டிஎம்ஐயும் உள்ளதை எடுங்கள். யுஎஸ்பியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் வெளிச்சம் சற்றுக் குறையும், தனி சார்ஜர் நல்லது. உறையே தாங்கியாக மடிகிறதா, குறுகலான மேடையில் வழுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியைக் கையோடு கொண்டுபோங்கள். பில்லில் பெயரைப் படித்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். யாருக்குச் சங்கடமானாலும்.

இரண்டு திரைகளின் புகைப்படத்தோடு பில்லையும் அட்டைச் சீட்டையும் சேர்த்து அன்று மாலையே நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயர் பொருந்தவில்லை என்று திங்கள் காலை பதில் வந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். மாற்ற வேண்டுமென்றால் சாரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்கள். மாமாவுக்குப் புதன்கிழமைதான் லீவு கிடைத்தது. போனோம், ஐந்து நிமிடத்தில் என் பெயரில் பில் கொடுத்தார்கள். எனக்கென்று இருந்த நிரந்தர வேலைக்கு நிறுவனம் செவ்வாய்க்கிழமையே வேறொருவரை எடுத்திருந்தது.